உதில ஒருக்கா

போகும் இடத்தைச் சொல்லாமல் விமான ரிக்கற்றுக்கு விலை கேட்ட ஒரே ஆள் என் வாழ்க்கையில் அக்காதான்.

நான் அப்போது வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ரிக்கற் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் வேலை பார்த்தேன். காலையில் கதவு திறந்தால் பின்னேரம் பூட்டும்வரை வருகிறவர்கள் எல்லோரிடமும் "எங்க போறியள்?" என்று கேட்பதுதான் எனக்குத் தொழில். கேட்பதற்குச் சம்பளம் தந்தார்கள். சம்பளம் தராவிட்டாலும் கேட்டிருப்பேன், அது வேறு கதை. என் கணவர் கட்டாரிலிருந்து ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம், "உனக்கு ஊர்த் துளவாரம் பாக்காட்டிச் சோறு இறங்காது" என்பார். உண்மைதான்.

அக்கா எங்கள் ஃபிளாற்றில் எனக்கு மேல்மாடி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஐம்பது வயது கடந்தவர், கலியாணம் முடிக்கவில்லை, நரையை மறைக்கவும் இல்லை. அன்றைக்கு ஏஜென்சிக் கதிரையில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, வைகாசி மாதத்தில் ஒரு ரிக்கற் என்ன விலை வரும் என்று கேட்டார்.

"எவடத்துக்கு அக்கா?"

"தூரம்."

எவ்வளவு தூரம் என்றேன். இரண்டு விமானம் மாறவேண்டும், கடைசியில் ஒரு குட்டி விமானம் என்றார். கனடாவா என்றேன். இல்லை. அவுஸ்திரேலியாவா? சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து முனகத் தொடங்கினார்கள். கடைசியில் கொம்பியூட்டர்த் திரையைத் தன் பக்கம் திருப்பி, கீபோர்ட்டை இழுத்து, மூன்றெழுத்தைத் தானே தட்டினார். அமெரிக்காவில் அப்படி ஒரு விமான நிலையம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருடமாக ரிக்கற் போடுகிறவளுக்கு அது ஒரு அவமானமாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். வெளிக்கிட்டு நிற்கிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அதற்காக நாங்கள் கேட்காமல் விடுகிற ஆட்களா? "தூரமோ?" என்று கேட்போம். அதற்குப் பதிலும் வைத்திருக்கிறோம்: "உதில ஒருக்கா போட்டு வாறன்." ஒருமுறை போய்விட்டு வருகிறேன் என்றுதான் பொருள், ஆனால் அந்த 'உது' இருக்கிறதே, அது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. எங்கேயென்று கையால் காட்டவும் முடியாது. சென்னையிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒருமுறை விளக்கப்போய், அவர் அதை ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்துவிட்டார்.

இந்தக் காலத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்? விமானம் ஏறமுதலே போர்டிங் பாஸைப் படம்பிடித்துப் போடுகிற சனம். அக்கா மட்டும் அந்தப் பழக்கத்தை ஒரு சொல்கூடக் குறைக்காமல் வைத்திருந்தார். மார்க்கெற்றுக்குப் போனாலும் உதில ஒருக்கா. மட்டக்களப்புக்குப் போனாலும் உதில ஒருக்கா. ஒருமுறை கையில் மரக்கறிப் பையோடு அதையே சொல்லிவிட்டு இறங்கியவர் நாலாம் நாள் வந்தார், பையில் லீக்ஸ் எட்டிப்பார்க்க, கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி. பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். பையை வாங்கி உள்ளே வைக்கும்போது ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு விழுந்ததால் எனக்குத் தெரிந்தது; இல்லாவிட்டால் இன்றைக்கும் தெரியாது. "வாற வழியில லீக்ஸ் மலிவா இருந்தது" என்றார், அதுதான் விளக்கம்.

கீழே வாச்சர் வேலை பார்த்த சிங்கள ஐயாவுக்கும் இவருக்கும் நடந்தது தனிக் கூத்து. அவருடைய ஆட்களுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்பதுதான் மரியாதை, அதுதான் வணக்கம். காலையில் கேற்றைத் திறந்துகொண்டே, "கொஹெத யன்னே, மிஸ்?" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே, "மே லங்கட்ட" என்பார். பக்கத்துக்குத்தானாம். இது வருடக்கணக்காக நடந்தது. மிஸ் பக்கத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போய் அடுத்த நாள் சேற்றுச் சப்பாத்தோடு வருகிறாரே, கொழும்பில் அப்படிச் சேறு எங்கே இருக்கிறது என்று அந்த மனிதர் ஒருநாள் என்னிடம் கவலைப்பட்டார்.

சேறு மட்டுமல்ல, மேல்மாடிப் படியோரம் ஒரு துடுப்பும் சாத்தி இருந்தது. ஃபிளாற் கூட்டத்தில் நான்தான் அதை எடுத்துச் சொன்னேன், வழியில் தட்டுப்படுகிறது என்று. கீழ்வீட்டு அங்கிள் தலையைச் சொறிந்து, "துடுப்பெண்டா, இந்த வயசில கிரிக்கெற்றோ?" என்று கேட்டார். எங்கள் ரேடியோ கிரிக்கெற்றைத் 'துடுப்பாட்டம்' என்று சொல்லி அப்படித்தானே எல்லோருக்கும் பழக்கியிருக்கிறது, துடுப்பு என்றால் ஆறும் கடலும் ஞாபகம் வராது, மட்டைதான் ஞாபகம் வரும். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அது என்ன துடுப்பு என்று சொல்லவில்லை. அடுத்த நாள் அது படியில் இல்லை.

ஒரு சனிக்கிழமை விடிய, படியில் எதிர்ப்பட்டபோது வழக்கம்போல் "தூரமோ அக்கா?" என்றேன். "வாருமன்" என்றார். போட்டிருந்த உடுப்போடு பஸ் ஏறினேன். மூன்று மணித்தியாலம். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. மலையாறு பாய்ந்து வரும் கித்துல்கலையில் இறங்கினோம்.

அங்கே ஆற்றங்கரையில் நின்ற பெடியன்கள் எல்லாரும் அவரை "அக்கே, அக்கே" என்று சுற்றிக்கொண்டார்கள். நான் ஏஜென்சியிலிருந்து சுற்றுலாக்காரரை அனுப்புகிற பெரிய ரப்பர்ப் படகுகள் எனக்குத் தெரியும். அக்கா ஏறியது அது இல்லை. ஒரு ஆள் மட்டும் இடுப்புவரை நுழைந்து உட்காரக்கூடிய ஒல்லிப் படகு. சிவப்பு ஹெல்மெற். ஏறமுதல் ஒரு பாறையில் குந்தியிருந்து ஆற்றைப் பார்த்தார், பார்த்தார், நான் கொண்டுபோன பிஸ்கற் முடியும்வரை பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். "வெள்ளையாப் பொங்கிற இடம் சத்தம் மட்டும்தான். தண்ணி எங்க போக வழியில்லாமச் சுத்துது எண்டு பாரும். அங்க மாட்டக்கூடாது" என்றார்.

பிறகு இறங்கினார். மூன்றாவது பாய்ச்சலில் படகு குப்புறக் கவிழ்ந்தது. ஹெல்மெற்றைக் காணவில்லை. நான் "ஐயோ பிள்ளையாரே" என்று கரையில் ஓடினேன். பக்கத்தில் நின்ற பெடியன் கொட்டாவி விட்டான். படகு தானாக உருண்டு நிமிர்ந்தது. அக்கா உள்ளே இருந்தபடியே மூக்கைச் சிந்தினார். இருபத்தைந்து வருடமாகச் சனத்திடம் மூச்சைப் பிடியுங்கோ, விடுங்கோ என்று சொல்லுகிறேன், எனக்கு அது வராதா என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு பைத்தியம்.

அதனால்தான், ரிக்கற் எடுத்த கையோடு அவர் என்னை மேலே கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்ததைக் காட்டியபோது நான் அதிகம் ஆச்சரியப்படவில்லை. ஒரு ஆறு. மேசையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை ஒட்டிய வரைபடத்தில் வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் மலைச்சுவர். அவரோடு படித்த சிநேகிதி ஒருவர் அந்தப் பக்கத்தில் இருக்கிறாராம். அந்த ஆற்றில் நினைத்தபடி இறங்க முடியாது, பெயர் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இந்த வருடம் சிநேகிதியின் பெயர் விழுந்திருக்கிறது. எட்டுப் பேர், ஆறு நாள். செவ்வாய்க்கிழமை இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரையேற வேண்டும். நடுவில் ஊர் இல்லை, ரோட்டு இல்லை, ரெலிபோன் இல்லை.

"பாலைவனத்தில ஆறோ அக்கா?"

அங்கே மழையே இல்லையாம். எங்கேயோ தூரத்து மலையில் பனி உருகி, அந்தத் தண்ணீர் பாலைவனத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம். "உள்ளூர்த் தண்ணியில்லை. எங்களைப் போல, வந்த தண்ணி" என்றார்.

பயணத்துக்கு முந்திய நாலு மாதமும் அந்த மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை. சாமான்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அந்த ஆற்றுச் சட்டப்படி மனிதக் கழிவைக்கூட அங்கே விட்டுவர முடியாது, பெட்டியில் அடைத்துத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். இதைக் கேட்டு நான் மூன்று நாள் சிரித்தேன். எங்கள் ஆட்கள் வெளிநாட்டிலிருந்து என்னென்னவோ கொண்டுவந்திருக்கிறார்கள், இதை ஒருவரும் கொண்டுவந்ததில்லை என்றேன். அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீர் மண்கலங்கலாய் ஓடுமாம், குடிக்கத் தெளிய வைக்கவேண்டும். அதற்குக் கொட்டாஞ்சேனை நாட்டுமருந்துக் கடைக்குப் போய்த் தேத்தாங்கொட்டை வாங்கிவந்து, பூச்சாடி மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்து, கொட்டையை உரைத்துவிட்டுப் பல்கனியில் வைத்துக் காவலிருந்தார். தெளிந்தது. குடித்தும் பார்த்தார். பிறகுதான் சிநேகிதி எழுதினார், விதை ஒன்றும் விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்று. அவ்வளவு கொட்டையும் என் தலையில் கட்டப்பட்டது.

இப்படி எல்லாவற்றுக்கும் சுவர்ப் பட்டியலில் சரி போட்டுக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டார். மூன்று கிழமையாக அதற்கு முன்னால் மட்டும் வெறுமை. 'கரையில் இருக்கும் ஆள்.'

படகில் வருகிற ஒவ்வொருவரும் ஊரில் ஒருவருக்கு எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பது சிநேகிதியின் சட்டம். எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் அழைப்பு வரும், வராவிட்டால் எந்த எண்ணுக்கு எடுக்கவேண்டும். அந்த எண்ணுக்கு எடுத்தால்தான் அங்கே தேடப் புறப்படுவார்கள். யாருக்கும் தெரியாமல் ஆற்றில் போகிற ஆளைத் தேட ஒருவரும் வரமாட்டார்கள் என்று சிநேகிதி மூன்றுமுறை எழுதிவிட்டார். மூன்றாவது கடிதத்தில், பெயர் தராவிட்டால் படகில் இடமில்லை என்று கண்டிப்பாகவே இருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. விசாவுக்குப் போனபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரனிடம் சொன்னீர்கள்தானே, கூடப் பிறந்த அண்ணரிடம் சொல்ல என்ன என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில் அவருடைய அண்ணர் குடும்பத்தோடு இருந்தார். அக்கா தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினார். கழிவுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகத் துணிந்த மனுஷிக்கு ஒரு பெயரை எழுதத் துணிவில்லையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு கீழே வந்தேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கதவைத் தட்டினார். கையில் ஒட்டிய என்வலப். தேத்தண்ணி வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக் குடித்தார்.

"எங்கட அப்பா சொல்லிப்போட்டுப் போனவர்" என்று தொடங்கினார். "கொழும்புக்குப் போறன், வெள்ளிக்கிழமை ஆறரை பஸ்ஸில வந்திடுவன் எண்டு. எனக்கு அப்ப பதினாலு வயசு. அவர் வரேல்லை. அந்தப் பிரச்சினைக் காலத்தில அப்பிடி வராத ஆக்கள் எத்தினை பேர், உமக்குத் தெரியும்தானே. ஆனா அவர் நேரம் சொல்லிப்போட்டார். அதால அம்மா ஒவ்வொரு வெள்ளியும் ஆறரைக்குக் கேற்றடியில போய் இருந்தவ. பதினொரு வருசம். சாகிற கிழமையும் கதிரையை அங்கதான் போடச் சொன்னவ."

வெறும் கோப்பையைக் கீழே வைக்காமல் அக்கா தொடர்ந்தார்.

"அவர் சொல்லாமப் போயிருந்தா அம்மா எப்பவோ எழும்பியிருப்பா. நேரம் சொன்னா அதில ஒரு ஆள் இருந்திடும் பிள்ளை. எனக்காக ஒருத்தரும் அப்பிடி இருக்கக்கூடாது எண்டுதான் நான்…" மிச்சத்தைச் சொல்லாமல் கோப்பையைக் கழுவ எழும்பினார்.

நானோ இவ்வளவு காலமும் அதைச் சகுனம் பார்க்கிற பழக்கம் என்று நினைத்துப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருந்தது.

குழாயடியில் நின்றபடி என்வலப்பைக் காட்டினார். "இது உம்மட்டத் தாறது இருக்கிறதுக்கில்லை. எடுக்கிறதுக்கு. திங்கக்கிழமை காலம ஏழரை. அங்க ஞாயிறு இரவு எட்டு. அதுக்குள்ள நான் கதைக்காட்டி, உடைச்சு, உள்ள இருக்கிற நம்பருக்கு எடும். ஏழு முப்பத்தொண்டும் பாக்கவேண்டாம். அவ்வளவுதான் வேலை. ரிக்கற் போடுற மாதிரி."

நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் சத்தியம் கேட்கவில்லை.

போகிற நாள் என்ன சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டாம் நாள் அண்ணர் எடுத்தார். நான் பதறிப்போய், கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தங்கச்சி தூரமோ?" ஓம் அண்ணை, கொஞ்சம் தூரம் என்றேன். சரி பிள்ளை என்று வைத்துவிட்டார். அவரும் அந்தக் கேற்றடியைப் பார்த்து வளர்ந்தவர்தானே என்று பிறகுதான் உறைத்தது.

அந்த ஆறு நாளும் நான் வேலையில் பிழை பிழையாகச் செய்தேன். லண்டனுக்குப் போகிறவருக்கு லாகூர் போடப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு கண் மூடவில்லை. திங்கள் விடிய ஐந்துக்கே எழும்பி, குளித்து, ரெலிபோனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். ஆறு. ஏழு. ஏழே கால். கீழே மரைன் ட்ரைவ் பக்கம் தண்டவாளத்தில் ரெயின் போனது. ஏழு இருபத்தைந்துக்கு என்வலப்பை உடைத்தேன். அக்காவின் குண்டு எழுத்தில் எல்லாம் இருந்தது: இறங்கும் இடம், ஏறும் இடம், படகின் நிறம், ஹெல்மெற்றின் நிறம், இரத்த வகை. கீழே எண். பெரிதாக, ஒவ்வொரு இலக்கத்துக்கும் இடைவெளி விட்டு, நான் பதற்றத்தில் பிழையாக அடிப்பேன் என்று தெரிந்து எழுதியது.

ஏழரை ஆனது. அழைப்பில்லை. எண்ணைப் பார்த்து அழுத்தத் தொடங்கினேன். பாதியில் கண் சுவர்க் கலண்டரில் விழுந்தது. திங்கள். ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான். எங்கள் ஏஜென்சியில் ராகுகாலத்தில் ஒருவரும் ரிக்கற்றை உறுதிசெய்யமாட்டார்கள். முதலாளி முதற்கொண்டு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம். பத்து வருடம் அப்படிப் பழகிய விரல் அந்த எண்ணின்மேல் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் இருக்கிற ஆளுக்காக எடுக்கிற முதல் அழைப்பு, அதை இந்த நேரத்திலா தொடங்குவது? கெட்ட செய்திதான் வரும் என்று நினைத்தேன். ஒன்றரை மணித்தியாலம்தானே, ஒன்பது அடித்தவுடன் எடுக்கலாம் என்று ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன்.

இருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் என்றால் எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எழும்பித் தண்ணீர் குடிக்கவும் பயம். எட்டரை கழிந்து ஐந்து நிமிடத்தில் ரெலிபோன் அடித்தது. தெரியாத நீண்ட எண்.

"நான்தான். கரைக்கு வந்திட்டம்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். கடைசி நாள் எதிர்க்காற்று, மண்ணை வாரி முகத்தில் அடித்ததாம், படகு முன்னுக்குப் போகவே இல்லையாம், பொழுதுபடத்தான் ஏறினார்களாம், சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வர இவ்வளவு நேரமாம். மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு அக்கா அவசரமாகக் கேட்டார்.

"ஏழரைக்கு எடுத்தனீர்தானே? தேடவேண்டாமெண்டு உடன அவைக்குச் சொல்லோணும்."

பொய் சொல்ல வழியில்லை. வழி இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன் என்று நம்புகிறேன். "இல்லையக்கா. ராகுகாலம். ஒன்பதுக்கு எடுப்பம் எண்டு இருந்தனான்."

அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லதாப் போச்சுத்தானே அக்கா, வீணா அவையள் தேடி அலைஞ்சிருப்பினம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு எண்டு சொல்லாதை" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நான் கால் முறிஞ்சு கல்லில கிடந்திருந்தா? நீ என்ன செய்திருப்பாய்? இருந்திருப்பாய். எங்கட அம்மா மாதிரி நீயும் இருந்திருப்பாய்."

அதுவரை என்னை 'நீர்' என்றுதான் சொல்லுவார். அன்றைக்குத்தான் முதன்முறை 'நீ'.

திரும்பி வந்தபின் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. படியில் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார். நானும் கேட்கவில்லை, தூரமோ என்றுகூட. கேட்கிற முகம் எனக்கு இல்லை. சின்ன வயதில் பிழை செய்துவிட்டு அடி விழாமல் போனால் வருமே ஒரு வேதனை, அதுதான். அவர் என்னிடம் ஒரே ஒரு வேலை தந்தார். தன் உயிரையே என் கையில் தந்தார் என்று சொல்லலாம். நான் கலண்டர் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து மேலே குளியலறைக் குழாய் வெடித்து என் கூரையால் தண்ணீர் ஒழுகியது. கதவைத் தட்டி, "வாச்சரைக் கூப்பிடு, கெதியா" என்றார். நனைந்த பாவாடையோடு இருவரும் வாளியும் துணியுமாக மத்தியானம்வரை இறைத்தோம். முடிந்ததும் அவரே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நீர்' மட்டும் பிறகு திரும்பி வரவேயில்லை.

இப்போது அக்கா வெள்ளவத்தையில் இல்லை. எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள். மாதத்தில் ஒருநாள் எடுப்பார், சுகமாக இருக்கிறேன் என்பார், பின்னால் ஏதோ தண்ணீர்ச் சத்தம் கேட்கும். ஆனால் வெள்ளவத்தையை விட்டுப் போகமுதல், முதல் பயணத்துக்கு அடுத்த வைகாசியில், அதே சிநேகிதிக்கு வேறு யாரோ மூலமாக அதே ஆற்றுக்கு மறுபடி இடம் கிடைத்தது. எனக்கு அது தெரியாது. ஏஜென்சிக்கு வந்து அதே மூன்றெழுத்தைத் தட்டியபோதுதான் தெரிந்தது. இந்தமுறை என்வலப் அண்ணருக்குத்தான் போகும், போகவும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ரிக்கற்றைப் போட்டேன். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் வந்தார். என்வலப்பை மேசையில் வைத்தார். என் பெயர் எழுதியிருந்தது. அதற்குக் கீழே: திங்கள், காலை 7.20.

போனமுறை ஏழரை என்றுதானே, இது என்ன ஏழு இருபது என்றேன்.

"உன்ர ராகு ஏழரைக்கெல்லோ தொடங்குது. நானும் ஒரு கலண்டர் வாங்கிப் பாத்தனான்" என்றார் அக்கா. "நாங்கள் எட்டுப் பேரும் பத்து நிமிசம் கெதியா வலிக்கவேண்டியதுதான்."

அந்தத் திங்கட்கிழமை அழைப்பு ஏழு பத்துக்கே வந்துவிட்டது. அப்போது நான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். இருந்துவிடக்கூடாது என்று கதிரையை முதல் நாளே மேல்மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.